மாலைக்குள் என் கண்கள்

இன்று ராயபுரத்தில், நான் தொழில் பழகும் ஓவியர் மாணிக்கம் அண்ணன் கடையில் நடந்தது.

இறந்தவரைக் கிடத்தி எடுத்த போட்டோவைப் பார்த்து, கண் திறந்த படமாக எழுதித் தருவோம். நேற்று ஒரு துறைமுகத் தொழிலாளிக்குக் கண் எழுதியவன் நான். ஓவியப் பள்ளிப் பழக்கத்தில், கண்ணாடியில் என் கண்ணையே பார்த்து எழுதிவிட்டேன்.

அவர் மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி அவுருதுதான் நைனா. கண்ணுக்குத்தான் என்னை அடையாளம் தெரியல."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். படத்தோடு டிராம் ஏறினார். டிராம் திரும்பும் வரை அந்தப் படம் என்னையே பார்த்தது.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணுக்கு அவுரு புள்ளைய எதுர்ல குந்த வைக்கணும். உன்னுத ஏன்டா குடுத்தே?"

இந்நேரம் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், நான் கண் சிமிட்டினால் மட்டும் சொல்லுங்கள்.