உடுப்பிட்டி ஆற்றங்கரைப் பாதையும் நான் எழுதிய நன்றி வரியும்

மூன்று வருடத்துக்கு முன்பு இதே வலைப்பதிவில் உடுப்பிட்டிப் பக்கத்து ஆற்றங்கரைக் காட்டுப் பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். இங்கே அதிகம் பேர் வாசித்த பதிவு அதுதான். போன மாதம் ஒரு வாசகர் மின்னஞ்சலில் என்னைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். கொழும்பிலிருந்து சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு வந்தாராம். பதிவில் இருந்த என் வரைபடத்தை நம்பிப் போன இடத்தில் முள்ளுக்கம்பி வேலிதான் இருந்ததாம். எனக்கும் ரோசம் வந்துவிட்டது. நேரில் பார்த்து வரைபடத்தைத் திருத்திவிடலாம் என்று கடந்த சனிக்கிழமை புறப்பட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலைக்கே பெயரில் மட்டும்தான் மலை. ஆறு என்று நாங்கள் சொல்லும் தொண்டைமானாறும் கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரிதான். ஆனாலும் அதன் கரையில் பனங்கூடலும் தாழையும் கண்டல் மரமுமாய் ஆறு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு காடு உண்டு. மணலும் வேரும் மாறி மாறி வரும் அந்தப் பாதைக்குச் சாதாரணச் சைக்கிள் சரிவராது. என்னுடையது யப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய மவுண்டன் பைக். விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.

யாழ்ப்பாண நகரத்துக் கொழும்புத்துறையில் வீட்டுப் படலையைச் சாத்தும்போது நேரம் 5.40. நல்லூர், கோப்பாய் வழியாக வல்லைப் பாலம் 23 கிலோமீற்றர். தென்மேற்குச் சோளகக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளியதால் 7.05க்கே போய்விட்டேன். (திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பதில் இரண்டேகால் மணித்தியாலம் என்று கணக்குப் போடுங்கள்.) நெல்லியடியில் ஒரு பிளேன்ரீ, இரண்டு வடை, 190 ரூபாய். வடை முதல்நாள் வடை.

உடுப்பிட்டியிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒழுங்கை எது என்று இந்த முறை எழுதப்போவதில்லை. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பனங்காணி. அதற்குள்ளால் நானூறு மீற்றர் நடந்தால் ஆறு, அங்கிருந்துதான் காட்டுப் பாதை தொடங்கும். 7.50க்கு அங்கே போய் நின்றேன். வாசகர் சொன்னது உண்மை. கொங்கிறீட் தூண், ஏழு வரி முள்ளுக்கம்பி, உள்ளே வரத் தடை என்று ஒரு பலகை. கிளை நட்டு வளர்த்த எங்கள் கதியால் வேலிகளில் ஆள் நுழைய ஒரு பொட்டாவது இருக்கும். இதில் ஓணானும் நுழையாது.

அந்த நேரம்தான் தவம் அண்ணை வந்தார், பழைய சைக்கிளில் வீச்சுவலையும் மீன் போடும் பறியுமாக. அந்த ஒழுங்கையில் குடியிருந்து ஆற்றில் இறால் பிடிப்பவர். முதல் தடவை நான் போனபோது எனக்கு முன்னால் நடந்து பாதையைக் காட்டியவர் அவர்தான். அந்தப் பதிவின் உச்சியில் இருந்த படத்தில் வலையும் தோளுமாகத் தெரிவது அவருடைய முதுகு. என்னைக் கண்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

காணி, அவர் சொன்னபடி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துடையது. போன வருடம் வேலி போட்டார்களாம். தவம் அண்ணையோடு சேர்த்துப் பதினான்கு வீட்டுக்காரர் இப்போது ஆற்றுக்கு நாலரைக் கிலோமீற்றர் சுற்றிப் போகிறார்கள். இறாலோடு திரும்பிவரச் சந்தை கலைந்துவிடுகிறது, மிஞ்சுவதைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து நடந்த வழி என்று எல்லோரும் சேர்ந்து, ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள்.

வழிக்கும் வாய்க்காலுக்கும் வழக்காடாத குடும்பம் எங்கள் ஊரில் எத்தனை இருக்கும்? யாரையும் கேட்காமல் காலாகாலமாக நடந்த வழி என்றால் அது உரிமை. கேட்டு நடந்தது என்றால் அது தயவு, எப்போதும் மறிக்கலாம். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் அந்தப் பதிவின் அடியில், "காணிக்காரரின் அனுமதியோடு இந்த வழியால் போனோம், அவர்களுக்கு எங்கள் நன்றி" என்று எழுதிவைத்தேன். நான் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. காணிக்காரர் யாரென்றே அன்றைக்குத் தெரியாது. வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் இப்படி ஒரு வரி எழுதுவார்கள், பார்க்க நாகரிகமாக இருந்தது, போட்டேன்.

ஊரவர் கேட்டுத்தான் நடந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக, காணிக்காரர் தரப்பு இணக்கசபைக்கு என் பதிவை அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறது. மேலே தவம் அண்ணையின் முதுகு, கீழே என் நன்றி.

"கேட்டுப் போனது எண்டு ஏன் எழுதினியள்?" என்று தவம் அண்ணை கேட்டார்.

"ஒரு மரியாதைக்கு எழுதினனான் அண்ணை."

"எனக்கு அதிலை என்ன எழுதியிருக்கெண்டே தெரியாது தம்பி. படத்தைக் காட்டி, உது நீர்தானே எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டன்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உடனே அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்ததைத் திருத்தி எழுதுகிறேன் என்று சொன்னேன்.

"எழுதினது காணும், இனி எழுத வேண்டாம். இணக்கசபையின்ரை அடுத்த தவணைக்கு வந்து வாயாலை சொல்லுங்கோ."

நாலுபேர் முன்னால் எழுந்து, நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அந்த நாலுபேரில் யாராவது ஒருவருடைய பிள்ளை என் வகுப்பில் இருக்கும். இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டு மிதிக்கத் தொடங்கிவிட்டார். சுற்றுவழிப் பக்கமாகத்தான் போனார்.

திரும்பும் வழியில் வல்லை வெளியில் காற்று முழுசாக எதிரே நின்றது. இரண்டு தடவை இறங்கித் தள்ளினேன். பின் ரயருக்கு விடத்தல் முள் ஏறிக் காற்றுப் போக, கோப்பாயில் ஒட்ட 200 ரூபாய். அந்த வாசகர் மேல் வந்த ரோசத்தை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. பாதை இல்லை. என் வரைபடத்தை எடுத்துவிட்டேன், பிரதி வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள். ஆற்றைப் பார்க்க ஆசையென்றால் வல்லைப் பாலத்தில் நின்று பாருங்கள், அது எல்லோருக்கும் பொதுத் தெரு. தண்ணீர் இரண்டு லீற்றர், மேலதிக ரியூப் ஒன்று கட்டாயம். இன்னொருவர் காணிக்குள்ளால் போனால் உண்மையாகவே கேளுங்கள். கேட்கவில்லையென்றால் கேட்டதாக எழுதாதீர்கள். ஊர்ச்சனம் நடக்கும் வழியால் போனால் தயவுசெய்து ஒன்றுமே எழுதாதீர்கள்.

தவணைத் திகதியை விசாரித்து அறிந்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு. அன்றைக்குச் சைக்கிள் வேண்டாம், வியர்த்து விறுவிறுத்துப் போய் நிற்க முடியாது. ஆறரை பஸ்ஸில் போய், நான் யாரையும் கேட்கவில்லை, முன்னால் நடந்த தவம் அண்ணையும் யாரையும் கேட்கவில்லை, அனுமதி என்று எழுதியது பொய் என்று சொல்லப்போகிறேன். எழுதியது நான், படத்தில் இருப்பது அவர் என்ற பிறகு, என் வாய்ச்சொல்லை எவ்வளவு தூரம் எடுப்பார்களோ தெரியாது.

தவம் அண்ணைக்கு நான் வருவது இன்னும் தெரியாது. அவருடைய தொலைபேசி இலக்கத்தைக்கூட நான் ஒருநாளும் கேட்டதில்லை.