டார்லா முறுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ

நம்பர் பிளேட்டின் இடது மூலையில் இருக்கிற ஸ்க்ரூவைத்தான் டார்லா எப்போதும் முறுக்குவாள். குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கால் சுற்று. ஏற்கெனவே அது இறுக்கமாக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஸ்க்ரூ டிரைவரை ஏப்ரன் பையில் செருகிக்கொண்டு வண்டிக்காரரை நிமிர்ந்து பார்ப்பாள். "ஆச்சு, ரிப்பேர் முடிஞ்சது. இப்ப நீங்க நம்ம கஸ்டமர். வண்டியைப் பின்பக்கம் விடுங்க."

பின்பக்கம் இருப்பது கழிவுக்குழி. படுக்கை, கழிப்பறையோடு வீடுபோல இருக்கும் கேரவனில் ஊர் சுற்றுகிறவர்கள் நாலைந்து நாளுக்கு ஒருமுறை கழிவுத் தொட்டியைக் காலி செய்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துக் கிழக்குக் கோடியில் இந்தக் கேரவன் பட்டறையை விட்டால் அடுத்த குழி எழுபது மைல் தள்ளி. பட்டறை டார்லாவின் தம்பி டுவெய்னுடையது. 'ரிப்பேருக்கு வரும் வண்டிகளுக்கு மட்டும்' என்று தன் கையாலேயே சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டியிருக்கிறான். தம்பி போட்ட சட்டத்தை அக்கா ஒருநாளும் மீறியதில்லை. எந்த வண்டியையும் ரிப்பேர் பார்க்காமல் அவள் பின்பக்கம் அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.

டார்லாவுக்கு வயது அறுபத்தொன்று. வேலை என்னவோ ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில். ஆனால் கண் முழுக்கப் பின் ஜன்னலில் இருக்கும். வருகிறவர்களின் பெயர் அவளுக்கு மனதில் நிற்காது. நம்பர் பிளேட்டில் இருக்கிற மாநிலம்தான் பெயர். "என்ன டெக்ஸஸ், சாப்பிட்டாச்சா?" "ஐயோ ஐயோவா, அந்த மூடியைத் திறக்காதீங்க, இருங்க வரேன்!" முழங்கை வரை நீளும் ஆரஞ்சு நிறக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அதே ஜன்னலருகே நின்று பன்றிக்கறி சாண்ட்விச்சை ரசித்துச் சாப்பிடுவாள். மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. "நேத்து வரைக்கும் உங்க வயித்துலதானே இருந்துது? அதுக்குள்ள என்ன விரோதம்?"

இன்னொரு பழக்கமும் உண்டு. குழாயைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரர் தொட்டியைத் திறக்கும்போது சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். எதிரே கோதுமை வயல். அதையே பார்த்தபடி நிற்பாள். காது மட்டும் பின்னால் இருக்கும். "இன்னும் இருக்கு, மூடாதீங்க... ம், இப்ப மூடுங்க. அடுத்தது பாத்திரம் கழுவின தண்ணியைத் திறங்க, குழாய் சுத்தமாயிடும்." ஏன் திரும்பிக்கொள்கிறாய் என்று கேட்டால், "அடுத்தவங்க வீட்டு பாத்ரூமை எட்டிப் பார்ப்பாங்களா?" என்பாள்.

போன வெள்ளிக்கிழமை இந்தக் குழிக்கே ஆபத்து வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, பட்டறை மூடியிருந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் திறந்துவிட்டு, சிமென்ட் தரை முழுக்க நாறடித்துவிட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை காலை முழுவதும் டுவெய்ன் கழுவினான். கழுவி முடித்ததும் பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி வந்து, அக்காவின் கண்ணில் படும்படி கவுன்டர் ஆணியில் தொங்கவிட்டான்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் குழிக்குப் பூட்டு. அதோட சரி. உன் ஸ்க்ரூ வித்தையெல்லாம் இனிமே செல்லாது அக்கா."

"அஞ்சு மணிதானே? அது வரைக்கும் என் ராஜ்ஜியம்" என்றாள் டார்லா. வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த வாரம் முழுவதும் ஆணியில் தொங்கிய பூட்டின் மேலேயே அவள் கண் போய்ப் போய் நின்றது.

வெள்ளி மாலை மூன்றரைக்கு ஒஹாயோ வண்டி ஒன்று வந்து நின்றது. பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்து வந்த சின்னக் கேரவன். இறங்கியவர் வெர்னன், முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டார்லா வழக்கம்போல ஸ்க்ரூவை முறுக்கினாள். அவர் சிரிக்கவில்லை. "காலி பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டேன்மா. தொட்டி நிறைஞ்சே இருக்குன்னு காட்டுது. ரெண்டு நாளா டாய்லெட்ல தண்ணி இறங்க மாட்டேங்குது."

"எத்தனை நாளா தொட்டி வால்வைத் திறந்தே வெச்சிருந்தீங்க?"

"நான் ஏன் திறந்து வெக்கப் போறேன்?"

டார்லா வயலைப் பார்த்தாள்.

"மின்னசோட்டாவுல ஒரு கேரவன் முகாம்ல ஆறு வாரம் தங்கினோம்" என்று கடைசியில் முனகினார். "அங்கே சாக்கடைக் குழாயிலேயே நேரா மாட்டிக்கலாம். தினம் எதுக்குத் திறந்து மூடணும்னு..."

கேரவன்காரர்களுக்கே உரிய தவறு இது. திறந்தே வைத்தால் தண்ணீர் உடனுக்குடன் ஓடிவிடும். கெட்டியானது மட்டும் தங்கி, குவிந்து, பாறையாகிவிடும். வெர்னனுக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது.

"அட, நானும் இதேதான் செஞ்சேன், தொண்ணூத்தெட்டுல" என்றாள் டார்லா. "என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கூடப் பேசவேயில்லை."

டார்லா தன் வாழ்நாளில் ஒரு ராத்திரிகூடக் கேரவனில் படுத்தவளில்லை. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் வெட்கத்தில் கூனிக்குறுகி நிற்கிற ஒவ்வொருவரிடமும் இந்தப் பொய்யை வாய் கூசாமல் சொல்வாள். இல்லாத அந்தப் புருஷன் இதுவரை நூறு முறையாவது கோபித்துக்கொண்டிருப்பான்.

டிரக்கின் முன் இருக்கையில் வெர்னனின் மனைவி ஐரீன் இருந்தார். நடக்க முடியாது, கைகள் இடைவிடாமல் நடுங்கின. வழியில் இருக்கிற பொதுக் கழிப்பறைகளில் பெண்கள் பக்கம் கணவர் துணைக்குப் போக முடியாது. அதனால்தான் வெர்னன் கேரவன் டாய்லெட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, கதவை அகலப்படுத்தி, மனைவியை வெளியே அழைத்து வந்திருக்கிறார். அந்த டாய்லெட் இருந்தால் ஐரீன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இல்லையென்றால் பயணம் இங்கேயே முடிந்தது. "பையனுக்கு போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்னா, திரும்பி வீட்டுக்கே..." என்று வெர்னன் இழுத்தார்.

"போனை உள்ளே வைங்க" என்றாள் டார்லா.

ஹோஸை ஜன்னல் வழியாக டாய்லெட்டுக்குள் விட்டு, அடைப்பில் சின்னதாக வழி பண்ணிக்கொண்டு, தொட்டியில் முக்கால்வாசிக்குச் சுடுதண்ணீரும் ஒரு பாட்டில் பாத்திர சோப்பும் நிரப்பினாள். பிறகு தானியக் கிடங்குக்குப் போகிற மண்ரோட்டைக் கைகாட்டினாள். அந்த ரோட்டில் போனால் பல் எல்லாம் கடகடவென்று ஆடும். "போக பதினஞ்சு மைல், வர பதினஞ்சு மைல். பள்ளம் மேடு எதையும் விடாதீங்க, குலுங்கக் குலுங்கத்தான் உள்ளே இருக்கிற பாறை உடையும். பிள்ளைங்க இல்லாத பஸ்ஸுன்னு நினைச்சு ஓட்டுங்க."

ஐரீனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கவுன்டருக்கு அழைத்து வந்து காபி நீட்டினாள். ஐரீன் தலையசைத்தார்.

"வேண்டாம்மா. காலைலேர்ந்து எதுவும் குடிக்கலை. குடிச்சாத்தானே போகணும்?"

பட்டறையின் கழிப்பறை மாடியில். ஏறுவதற்குச் செங்குத்தான இரும்புப் படி. டார்லா அந்தப் படியைப் பார்த்தாள், ஐரீனின் வெடித்திருந்த உதடுகளைப் பார்த்தாள். காபியை அவளும் குடிக்காமல் கீழே வைத்தாள்.

ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆணியில் பூட்டைக் காணவில்லை. டார்லா ஐரீனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் விரைந்தாள். டுவெய்ன் பூட்டோடு வந்து நின்றபோது, குழியின் இரும்பு மூடிமேல் அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் ஒரு வெளியூர் அம்மாள், மடியில் தண்ணீர் ஜாடியும் கண்ணாடி டம்ளரும்.

"எழுந்திரு அக்கா."

"கால் வலிக்குதுடா."

"நாற்காலி கொண்டாறேன்."

"இதுவே சௌகரியமாத்தான் இருக்கு."

"வாரம் பூரா நாத்தத்தைக் கழுவினது நானு!"

"ஒரு காலைதான்டா கழுவினே. வாரம் பூரா புலம்பினே."

ஐரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்போகேன் ஊர்ல எங்க அக்கா இருக்கா, தம்பி" என்று டுவெய்னிடம் சொன்னார். "எண்பத்தஞ்சு வயசு. பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. இப்படி நேருக்கு நேர் சண்டை போடத்தான் போய்க்கிட்டிருந்தேன். இனிமே முடியுமான்னு தெரியலை."

டுவெய்ன் பூட்டைக் கைமாற்றி வைத்துக்கொண்டு மண்ரோட்டைப் பார்த்தான்.

ஐந்து இருபதுக்குப் புழுதி தெரிந்தது. தலைமுடியெல்லாம் மண்ணாக வெர்னன் இறங்கினார். டார்லா எழுந்து குழாயைப் பொருத்தினாள். "திறங்க" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினாள். டுவெய்ன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நிற்க, தோளைப் பிடித்து அவனையும் வயல் பக்கம் திருப்பினாள்.

முதலில் சொட்டுச் சத்தம்தான். டார்லா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே எதுவோ பெயர்ந்து, தடதடவென்று, கல்லும் மண்ணுமாக மலைச் சரிவு இறங்குவதுபோல ஒரு சத்தம். "போகுது! போகுது!" என்று வெர்னன் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கத்தினார். கத்திய குரல் பாதியில் அழுகையாகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் விட்டு விட்டு மூன்று முறை அலசியதும் ஓடுகிற ஓசை தெளிந்தது. "இப்ப மூடுங்க" என்றாள்.

திரும்பியபோது டுவெய்னின் பார்வை கேரவனின் பின்புறம் போனது. மண்ரோடு போட்ட ஆட்டத்தில் ஒரு ஸ்க்ரூ கழன்று விழுந்து, நம்பர் பிளேட் இடது மூலையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பூட்டைத் தன் பைக்குள் போட்டான். அக்காவின் ஏப்ரனிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு, "ரிப்பேர் வண்டிதான்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குனிந்தான்.

டார்லா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றி, கையை மூன்று முறை கழுவிவிட்டு வந்தாள். ஐரீனின் மடியில் இருந்த டம்ளரை விளிம்பு வரை நிரப்பினாள். நடுங்குகிற கைகளுக்குக் கீழே தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். ஐரீன் மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார். டார்லா கேட்காமலேயே இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.