கீறல் விழக்கூடாத டெலஸ்கோப்

டெலஸ்கோப் கடையில் டெமோ காட்டுவது நிம்மதியான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை கூடின பொருளை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி நிற்கும் வேலை பார்ப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். தாம்பரத்தில் எங்கள் கடையில் இருப்பது ஒரே ஒரு டெமோ பீஸ். செல்போனில் 'நிலா' என்று தொட்டால் போதும், தானே திரும்பி, தானே தேடி, படத்தைப் போனுக்கு அனுப்பிவிடும். கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று தெரிந்தும், அதை ஒப்படைத்த அன்று முதலாளி சொன்னார்: "லென்ஸ்ல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா மறுநாள் வேலைக்கு வராதேம்மா."

முடிச்சூர் மொட்டைமாடி

நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற பெரியவர் ஒருவர் ஆசையாகக் கூப்பிட்டார். நான் 'நிலா' தொட்டேன். அவர் கண் வைக்க ஓட்டை தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்துக் கருவி தானாகத் திரும்ப, "தோ, ஓடுது!" என்று கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல் கழுத்தோடு கட்டிக்கொண்டார். உள்ளே பல்சக்கரம் நறநறத்தது. பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன். லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அவரோ சாவகாசமாகக் கேட்டார்: "இன்னாமா, போன்லதான் பாக்கணும்னா வூட்லயே குந்திகினு பாத்துக்கலாமே?"

எதிர் பிளாக் லுங்கி

கேளம்பாக்கத்தில் ஐ.டி. தம்பி ஒருவரின் அடுக்குமாடி. நிலா அப்போது எதிர் பிளாக்குக்குப் பின்னால் இருந்தது. கருவிக்குக் கட்டடம் எல்லாம் கணக்கில்லை. நிலா இருக்கும் திசைக்குத் திரும்பி, ஐந்தாவது மாடிப் பால்கனியை முறைத்துக்கொண்டு நின்றது. போனில் மங்கலாக ஒரு லுங்கி காய்ந்தது.

லுங்கிக்குச் சொந்தக்காரர் ஐந்தே நிமிடத்தில் அசோசியேஷன் செகரட்டரியோடு மாடிக்கு வந்துவிட்டார். "கேமராதானே இது?" பின்னால் நிலா இருக்கிறது என்றேன். அவர் இடத்தில் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். "பத்து நிமிஷம் நிக்கறேன். நிலா வரலன்னா மெஷின் ஸ்டேஷனுக்குப் போகும்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குப் போன பொருள் முழுசாகத் திரும்புமா? என் வேலையும் அதோடு போகும். கும்பிடாத சாமி பாக்கியில்லை. ஒன்பதாவது நிமிடம் கட்டட விளிம்பில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் திரை நிறைய, பள்ளம் பள்ளமாக நிலா. போனை வாங்கி வெகுநேரம் பார்த்த லுங்கிக்காரர் செகரட்டரி பக்கம் திரும்பினார்: "சார், இது நம்ம பிளாக் மேலதானே வந்துச்சு? குரூப்ல போட்டுடுங்க."

விஜயதசமிக்கு மறுநாள்

அஸ்தினாபுரத்தில் ஓர் ஆசிரியை, காலையில் சூரியனைப் பார்க்க வேண்டும் என்றார். ஆயுத பூஜைக்கு லீவு போட்டிருந்த நான், கடையிலிருந்து நேராகக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், அவசரத்தில் லென்ஸைப் பார்க்காமலே சூரிய ஃபில்டரை மாட்டினேன். படம் ஒரே மங்கல். அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றினால், லென்ஸின் நட்டநடுவே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்!

துடைத்தால் கீறும். துடைக்காவிட்டால் படம் வராது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசிரியை எட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னார்: "எங்க வீட்ல வாஷிங் மெஷினுக்கே பொட்டு வெச்சாச்சு, இதுக்கு வெச்சா தப்பா மேடம்?"

முதலாளியின் கைக்குட்டை

கருவியை மடியில் வைத்து ஆட்டோவில் கடைக்கு வந்தேன். "சார், யாரோ லென்ஸ்ல..." என்று ஆரம்பித்தேன். முதலாளி பார்த்தார். முகம் மாறியது. "சார், வேணாம்!" என்று நான் கத்துவதற்குள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அழுத்தி ஒரு துடை துடைத்துவிட்டார். சந்தனம் போய்விட்டது. இருந்த இடத்தில் முடி போல ஒரு கோடு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எல்லாத்துக்கும் நான்தாம்மா பொட்டு வெச்சேன், இதுக்கு நெத்தி எங்கேன்னு தெரியல."

கீறல் அப்படியே இருக்கிறது, மறுநாள் நாங்கள் இரண்டு பேருமே வேலைக்கு வந்தோம்.