ஆறு படங்களிலும் நான் இல்லை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று வெள்ளவத்தையில், காலி வீதியில், இரண்டு மாடிப் புடவைக்கடைக்குச் சொந்தக்காரன். சிங்களமோ கடைக்கணக்கோ கார் ஓட்டமோ எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் கமெரா வாங்கி, இருட்டில் படம் எடுப்பதையும் கைபேசியில் பார்த்துப் பார்த்து நானே பழகினேன். கமெராவின் கண்ணை முப்பது செக்கன் திறந்து வைத்தால் ஓடுகிற வெளிச்சமெல்லாம் கோடாக விழும்; அசையாமல் இருப்பது மட்டும்தான் தெளிவாகப் பதியும். ரயில் பாதையோரம் நின்று எடுத்த படத்தில், அலையடிக்கிற கடலே பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. அதை நான் காட்டாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

வருசா வருசம் எங்கள் கடைக் கலண்டரில், வாசலில் நான் கைகூப்பி நிற்கிற படம்தான் வரும். போன தடவை ஸ்டூடியோக்காரர் படத்தில் என் முகத்தை மா பூசின மாதிரி வெளுக்க வைத்துவிட்டார். இந்த முறை நானே எடுப்பேன், பஸ் வெளிச்சங்கள் ஆறாக ஓடும், பின்னால் நான் நிற்பேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை படம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அன்று இரவு ஏழு மணிக்கு எதிர் நடைபாதையில் கமெராவை முக்காலியில் நிறுத்தி, அங்குள்ள மருந்துக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வாசலுக்கு வந்து, தூரத்திலிருந்தே கமெராவை இயக்குகிற, சட்டைப்பையில் இருந்த பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய கையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கலியாண வீட்டார் வந்தார்கள். வருகிறவரைப் பார்த்து வாய் மூடி நிற்பது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. "வாங்கோ, வாங்கோ" என்று படியிறங்கி, உள்ளே விட்டு, திரும்பி வந்து கைகூப்பினேன். அமுக்கும்போதெல்லாம் யாரோ வந்தார்கள்; இப்படியே ஆறு தடவை. வந்து நின்றேன்தானே, போதும் என்று நினைத்தேன்.

வீதியைக் கடந்துபோய்க் கமெராவைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு ஆறு ஓடுகிறது. பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள்ளே காசு மேசையில் என் மனைவி, காதுத் தோடு முதற்கொண்டு தெளிவாக இருக்கிறாள். வாசலில் ஆளே இல்லை. ஆறு படத்திலும் இல்லை. கையால் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். ஒரு நாள் இந்தக் கடை இப்படித்தான் நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அதுவரை அந்த நினைப்பு எனக்கு வந்ததேயில்லை.

மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு படத்தையும் பார்த்தாள்.

"இத்தனை வருசத்தில நீங்கள் ஒரு இடத்தில நிண்டதை நானே காணேல்லையப்பா. கமெரா எப்பிடிக் காணும்?"

பிறகு, வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்று முப்பது எண்ணச் சொன்னாள். போய், பொத்தானை அமுக்கி நின்றேன். பதினைந்து எண்ணும்போது, முப்பது வருச வாடிக்கையான ஒரு அம்மா படியேறினா. நான் பேசாமல் கைகூப்பி நிற்பதைக் கண்டு அவவின் முகம் மாறிவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தா. என்னால் முடியவில்லை. "வாங்கோ" என்று இறங்கிவிட்டேன்.

பாதி நேரம் மட்டும் நான் நின்ற அந்த ஏழாவது படத்தைத்தான் கொடுத்தேன். அச்சகத்திலிருந்து அழைத்து, ஐயா, படம் பழுதாகிவிட்டது, உங்களுக்குள்ளால் கடை தெரிகிறது என்றார்கள். அப்படியே அடிக்கச் சொன்னேன்.

கலண்டர் இப்போது கடையில் தொங்குகிறது. வாசலில் புகை மாதிரி ஒரு மனிதன். அவன் நெஞ்சுக்குள்ளால், காசு மேசையில் இருக்கிற என் மனைவி தெரிகிறாள். அதைக் கடக்கும்போதெல்லாம் இன்னும் எனக்குத் திக்கென்கிறது.