கடைசிப் பக்கத்துக்காரர்

துப்பறியும் நாவல் ஒன்று கையில் கிடைத்ததும் அவர் முதலில் புரட்டுவது கடைசி அத்தியாயத்தைத்தான். கொலை செய்தது யார் என்பதை வாசலில் நின்றபடியே படித்துவிடுவார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார், முகம் கழுவுவார், காப்பித் தம்ளரோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்துக்கு வருவார். நாலு பக்கம் தாண்டி, தோட்டக்காரன் மண்வெட்டியைத் துடைத்தான் என்று ஒரு வரி வந்தால் போதும்.

"இங்கயே தெரிஞ்சிருச்சே! பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிரும்" என்று உச்சுக்கொட்டுவார். எழுதியவருக்கு மூளை இல்லை என்று தீர்ப்பாகிவிடும். புத்தகம் பரணுக்குப் போய்விடும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு அரசாங்கம் தேடித் தேடிக் கொடுத்திருப்பது காப்புரிமைப் பரிசோதகர் வேலை. எவரோ மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பொருளைக் கண்டுபிடிப்பார். "இது என் சரக்கு, வேறு யாரும் செய்யக் கூடாது" என்று உரிமை கேட்பார். அது நிஜமாகவே புதிதா, அல்லது அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் தானாகவே தோன்றிவிடக்கூடியதா என்று நம்மவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் திறந்தால் விடை படத்தோடு எடுத்த எடுப்பிலேயே இருக்கும். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவருக்கு இதைவிடச் சொர்க்கம் வேறு உண்டா?

அவருடைய முறை மிகவும் எளிது. பழைய காப்புரிமைகளிலிருந்து இரண்டை உருவி மேஜையில் அக்கம்பக்கமாக வைப்பார். "இதுல சக்கரம் இருக்கு, அதுல பலகை இருக்கு. சேர்த்தா வண்டி. இதுல என்ன புதுசு?" அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'தெரிஞ்சதுதான் சார்'. யானையைப் படைத்தவர் அந்த அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தால், தூண் நாலு, முறம் இரண்டு, கயிறு ஒன்று என்று பிரித்துக் காட்டி நம்மவர் திருப்பி அனுப்பியிருப்பார். உலகத்தில் யானையே இருந்திருக்காது.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி, திரை வைத்த தையல் இயந்திரத்தில் துணிகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பவள். ராத்தூக்கத்தைத் தொலைத்து ஒரு புதுப் பூவை வரைந்து காட்டினால், "ரோஜால கொஞ்சம், தாமரைல கொஞ்சம்" என்று முடித்துவிடுவார். மைத்துனிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனவர், துணியை விலக்கி உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்கு அவங்கப்பாவுது, காது அவங்கம்மாவுது. புதுசா ஒண்ணும் இல்லயே" என்றார். மைத்துனி அதை இன்னும் மன்னிக்கவில்லை. தையல் போட்ட வயிறாக இல்லாதிருந்தால் அன்றைக்கே எழுந்து அடித்திருப்பாள்.

அவரிடம்தான் அந்தப் பூட்டுமூடி வந்து மாட்டியது.

பிரிண்டரோ கைப்பேசியோ, எதைத் திறந்தாலும் உள்ளே நாடா மாதிரித் தட்டையாக, வளைந்து கொடுக்கும் ஒரு கேபிள் இருக்கும். அதன் நுனி கனெக்டரின் வாயில் செருகி நிற்கும். கொஞ்சம் ஆட்டம் கண்டால் நழுவி நாக்கைத் தொங்கப் போட்டுவிடும். அப்படி நழுவாமல் பிடித்துக்கொள்ள, நகர்த்திப் பூட்டும் மூடி ஒன்றை ஒரு சின்னப் பட்டறைக்காரர் செய்திருந்தார். மூடி என்னவோ நகத்தளவுதான். அதை நம்பித்தான் அவருடைய பட்டறையே இருந்தது. பெரிய கம்பெனி ஒன்று மாதிரியைப் பார்த்துவிட்டது. உரிமை இல்லையென்றால் அவர்களே அடித்துக் குவித்துவிடுவார்கள். பட்டறைக்காரர் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். நம்மவர் வழக்கம்போல் இரண்டு பழைய காகிதங்களைக் காட்டி ஏற்கெனவே ஆட்சேபம் எழுதியாயிற்று. மிச்சம் இருந்தது நேர்விசாரணை மட்டும்.

வெள்ளிக்கிழமை விசாரணை. பட்டறைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்துப் பேசியது அவருடைய வக்கீலம்மா.

"சார், நீங்க காட்டுற முதல் காகிதத்துல கதவு மாதிரிச் சாஞ்சு அமுக்குற மூடி. ரெண்டாவதுல நகர்ற மூடி, அதுவும் டார்ச் லைட் பேட்டரிக்கு. இந்த ரெண்டையும் சேர்க்கணும்னு யாருக்கு சார் தோணும்?"

"யாருக்கு வேணாலும் தோணும்மா."

"பின்ன ஏன் இத்தனை வருஷமா ஒருத்தரும் செய்யல?"

"அவசியப்பட்டிருக்காது."

"சார், நீங்க விடையைப் பாத்துட்டுக் கணக்குப் போடுறீங்க."

"கணக்கு சரியா வருதில்ல?" என்றார் நம்மவர், யாரோ பாராட்டிவிட்ட மாதிரி. திங்கட்கிழமை உத்தரவு என்று சொல்லிக் கோப்பை மூடினார். என்ன உத்தரவு என்பது கைக்குட்டைக்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை மத்தியானம், ஒரு கல்யாண உடுப்பின் கழுத்துப் பூ பாதியில் நிற்கும்போது, மனைவியின் தையல் இயந்திரத்தில் திரை அணைந்தது. பழுது பார்ப்பவரைப் போனில் பிடித்தால், போர்டையே மாற்ற வேண்டும், வர ஒரு மாதமாகும் என்றார். கல்யாணப் பெண் ஒரு மாதம் காத்திருப்பாளா? நம்மவர் திருப்புளியை எடுத்துப் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே தட்டைக் கேபிள் ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கொக்கி உடைந்து கிடந்தது.

"அட, இதுக்கா? ரெண்டு நிமிஷ வேலை!"

குழந்தையோடு வந்திருந்த மைத்துனி, வேடிக்கை பார்க்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வீட்டு டார்ச் லைட்டின் மூடியைக் கழற்றிக் கத்தரித்தார். அதை நகர்த்திப் பூட்டினார். நகர்ந்த வேகத்தில் அது கேபிளை வெளியே தள்ளிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து நகர்த்தினார், கேபிள் கசங்கிக்கொண்டு மேலே எழும்பியது. கதவு மாதிரிச் சாய்த்து அமுக்கிவிட்டு நகர்த்தினார். அமுக்கினால் நகரவில்லை. நகர்ந்தால் அமுக்கவில்லை. முதல் காகிதமும் இரண்டாம் காகிதமும் மேஜையில் அக்கம்பக்கமாகப் படுத்திருந்தபோது சமாதானமாகத்தான் இருந்தன. ஒரே கனெக்டரில் குடித்தனம் வைத்தவுடன் அடிதடி.

"அத்தான், அந்த ரெண்டு நிமிஷம் முடிஞ்சிருச்சா, இன்னும் பாக்கி இருக்கா?"

"சும்மா இருடி" என்றாள் அக்கா. "யாருக்கு வேணாலும் தோணுற விஷயமாம் இது. இவருக்கு மட்டும்தான் தோண மாட்டேங்குது."

வெயில் சாய்ந்தது. டார்ச் லைட்டுக்கு மூடி இல்லாமல் போயிற்று. ரிமோட்டுக்கும் இல்லாமல் போயிற்று. அவர் பனியன் நனைந்து, தரையில் உட்கார்ந்து, கேபிளின் நுனியை முறைத்துக்கொண்டிருந்தார். நுனியின் இரு ஓரத்திலும் காது மாதிரி ஒவ்வொரு துருத்தல். அதை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

விண்ணப்பத்தில் இருந்த வரிதான். மூடியின் அடியில் இரண்டு பல். மூடி முதலில் கீழே இறங்க, பல் இரண்டும் அந்தப் பள்ளங்களில் உட்காரும். அப்புறம் உள்பக்கமாக நகரும்போது கேபிளையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். பூட்டப் பூட்ட இன்னும் ஆழமாக உள்ளே போகுமே தவிர வெளியே வராது. அந்த வரியை எத்தனையோ தடவை படித்தவர். படித்த ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் 'தெரிந்ததே' என்று எழுதியவர்.

ரிமோட் மூடியில் மிஞ்சியிருந்த துண்டை நகவெட்டியின் அரத்தால் ராவிப் பல் வைத்தார். இறக்கினார். நகர்த்தினார். 'டிக்' என்றது. இரண்டு விரலால் கேபிளை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. திரையில் பாதிப் பூ பளிச்சென்று வந்து நின்றது.

"அடேங்கப்பா! எங்கங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு விண்ணப்பத்துல இருந்துச்சு."

"அப்ப திருட்டுச் சரக்கா?"

"சேச்சே. இன்னும் உரிமை குடுக்கலியே. குடுத்தாத்தானே திருட்டு."

"குடுக்க வேண்டியது யாரு?"

அவர், நாவலில் வரும் தோட்டக்காரன் மாதிரி, கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது: காப்புரிமை வழங்கப்படுகிறது. மேற்படி இரண்டு ஆவணங்களையும் சேர்த்தால் கேபிள் வெளியே வந்துவிடும் என்று காரணம் எழுதியிருந்தார். அது எப்படித் தெரியும் என்று எழுதவில்லை. மேலதிகாரி கூப்பிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்று விசாரித்தார். வக்கீலம்மா போன் செய்து, விண்ணப்ப எண் மாறிப்போய்விட்டதோ என்று கேட்டார். பின்னால் பட்டறைக்காரர் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதுல என்னம்மா அதிசயம்? இது புதுசுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் நம்மவர், கூச்சமே இல்லாமல்.

மைத்துனிதான் விடவில்லை. "அத்தான், இப்ப அது திருட்டுச் சரக்கு ஆயிருச்சு இல்ல? பட்டறைக்காரர்கிட்ட சொல்லட்டா? வேணாம்னா என் பொண்ணு புதுசுன்னு சொல்லுங்க."

அவர் குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். அது அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

"சரி சரி. புதுசுதான்."

"எழுத்துல குடுங்க."

அன்று சாயங்காலம் நூலகத்திலிருந்து ஒரு துப்பறியும் நாவல் வந்திருந்தது. வாசலில் நின்றபடி எடுத்தார். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கடைசி அத்தியாயத்துக்கே போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்தார். கடைசிப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் வைத்து, உள்ளே நகர்த்தினார். அப்புறம் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

வரவில்லை.