ஸ்பார்க் வருமா என்று கேட்கும் ஊரில் மைக்ரோவேவ் விற்றது

“ஜெயா, நீ வித்த மைக்ரோவேவ் வெடிச்சிருச்சாம். பட்டாசுக் கம்பெனியே காட்டுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்காம்.”

எங்கள் கடை அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு இதைச் சொன்னபோது, நான் ஒரு அம்மாவுக்கு கிரைண்டர் காட்டிக்கொண்டிருந்தேன். வேறு ஊர்க்காரராக இருந்தால் அவர் விலையைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். சிவகாசியில் ‘வெடிச்சிருச்சு’ என்று காதில் விழுந்த பிறகு யாருக்கும் வியாபாரம் ஓடாது. “ஆருக்கும் ஒண்ணுமில்லையே?” என்று அந்த அம்மாதான் முதலில் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மூச்சு வந்ததும் அண்ணாச்சி அடுத்ததைச் சொன்னார்.

“அவுகளோட தீபாவளி கிஃப்ட் ஆர்டர் நம்மகிட்டதான் வரணும். அது கைய விட்டுப் போச்சுன்னா நீ நாளையிலருந்து வீட்டுலயே இரும்மா. நீதான வித்த, நீயே போயி சரிபண்ணிட்டு வா.”

வீட்டுக்காரருக்கு அச்சாபீஸில் வேலை. சீசன் முடிந்தால் அந்த வேலை உண்டா இல்லையா என்பது அந்த மெஷினுக்கே தெரியாது. மகள் காலேஜில் படிக்கிறாள். என் சம்பளம்தான் குடும்பத்துக்குப் பிடிமானம். கடையில் புதிதாகச் சேரும் பெண்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

விற்ற விதம்

மதுரையில் மைக்ரோவேவ் வாங்க வருகிறவர்கள் கேக் வருமா, கிரில் உண்டா என்று கேட்பார்களாம். எங்கள் ஊரில் ஒரே ஒரு கேள்விதான். “ஸ்பார்க் வருமா?” பாத்திரம் கழுவுகிற சோப்பைக் காட்டினால்கூட இதைக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது, அவர்கள் பார்க்கும் வேலை அப்படி.

ஆமத்தூர்ப் பக்கம் இருக்கிற அந்தக் கம்பெனியின் மொதலாளியும் அதைத்தான் கேட்டார். கம்பெனி வளாகத்துக்குள் அடுப்பு கூடாது. வெளியிலிருந்து பிளாஸ்கில் வரும் டீ ஆறிப் போகிறது. ஆறின டீயைக் குடித்து அவருக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது. வேலை நடக்கும் ஷெட்டுகளிலிருந்து தள்ளி, கேட்டை ஒட்டித்தான் ஆபீஸ் இருந்தது. அங்கே வைக்க நெருப்பில்லாமல் சூடாக்கும் பெட்டி வேண்டும் என்றார்.

முதலில் கடையிலேயே பெரிய கன்வெக்ஷன் மாடலில் கை வைத்தார். “நம்ம ரேஞ்சுக்கு இதாம்மா சரியா இருக்கும்.”

“இதுல உள்ள கம்பி செவக்கும் மொதலாளி,” என்றேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

பிறகு ‘சோலோ’ மாடலைக் காட்டினேன். அதில் கம்பியும் கிடையாது, கிரில்லும் கிடையாது. சூடு பண்ண மட்டும்தான், ஸ்பார்க் வராது என்று அடித்துச் சொன்னேன். இருபது லிட்டர், மேஜை மேல் வைக்கிற சின்னப் பெட்டி. “இம்புட்டுக்காணுதானா?” என்று முகத்தைச் சுளித்தார். பிறகு ஆபீஸுக்குப் போய் இடம் பார்த்தபோது சின்னது ஏன் தேவை என்று அவருக்கே புரிந்தது. சுவர் ஓர மேஜை முழுக்க அவருக்குக் கொடுத்த ஷீல்டுகள். பாதிக்கு மேல் அவர் காசிலேயே செய்து அவருக்கே கொடுத்தவை என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு ஷீல்டைக்கூட நகர்த்தச் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்த இடத்தில் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னால் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும் என்று நான் மன்றாடிய பிறகு, ஒரே ஒரு ஷீல்டை ஒரு விரல் அளவு தள்ளி வைத்தார்கள்.

டெமோவும் நானே காட்டினேன். எவர்சில்வர் கூடாது, அலுமினிய ஃபாயில் கூடாது, தங்க வரி வெள்ளி வரி போட்ட பீங்கான் கூடாது, வெறும் கண்ணாடி, சாதா பீங்கான் மட்டும். மொதலாளி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் மட்டும் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தை நம்பி நான் கிளம்பி வந்தேன். பெட்டியும் கண்ணாடி கிளாஸில் வைத்த டீயைச் சூடாக்கிக்கொண்டு எந்த வம்பும் இல்லாமல் இருந்தது.

ஓட்டம்

போன் வந்த மறுநாள் காலையில் ஆமத்தூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கேயே பேச்சியம்மாளைப் பார்த்தேன். திரி சுற்றும் வேலை செய்கிறவர், முழங்காலில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தார்.

“ஏத்தா, நீதான் அந்தப் பொட்டிய வித்தவளா?”

“ஆமாக்கா.”

“நல்லாருப்ப போ. ஆபீஸ்ல படார்னு ஒரு சத்தம். மொதலாளிதான் மொதல்ல ஓடுனாக. அவுகளே ஓடுறாகன்னா நாங்க நிப்பமா? கருவேல முள்ளுக்குள்ள விழுந்து எந்திரிச்சு, அங்கன போயி எல்லாரும் ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்கோம். பொகையும் இல்ல, ஒரு எழவும் இல்ல.”

எங்கள் பக்கத்தில் ஓடுகிற ஆளை நிறுத்தி ‘ஏன் ஓடுறீக’ என்று கேட்கும் பழக்கம் கிடையாது. முதலில் கூடவே ஓட வேண்டும், கேள்வி கேட்பதெல்லாம் நின்ற பிறகு. கேள்வி கேட்டுக்கொண்டு நின்றவர்களை எங்களுக்குத் தெரியும். அதனால் பேச்சியம்மாள் ஓடியதைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். அன்று அரை நாள் வேலை போனதும் அவர்களுக்குத்தான்.

“நடந்ததக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டுப் போத்தா,” என்றார். “இல்லேன்னா ஓடுனதுக்கும் எங்களத்தான் குத்தஞ் சொல்லுவாக.”

கப்பு

மேனேஜர் என்னை ஆபீஸுக்குள் விடாமல் வேப்ப மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“வாங்கம்மா. சாப்பிட்டீகளா? நல்லது. மிஷின் கோளாறுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு, வேற மிஷின் தாறோம்னுட்டுப் போயிருங்க. கப்பப் பத்தி மட்டும் பேசிராதீக.”

“எந்தக் கப்பு?”

சொல்லக் கூடாத ஆள் சொல்லிவிட்டார். கதை வெளியே வந்தது. டீலர் மீட்டிங்கில் கொடுப்பதற்காக மொதலாளி பீங்கான் கப் அடித்திருக்கிறார். கப்பில் அவர் படம். எங்கள் ஊர் பிரஸ்ஸுக்கு ஒரு பொருள் போனால் அதில் மினுமினுப்பு ஏறாமல் திரும்பி வராது. மீசைக்குத் தங்கப் பூச்சு, தலைப்பாகைக் கரைக்குத் தங்கப் பூச்சு, தலைக்குப் பின்னால் சாமி படத்தில் இருப்பது போல ஒரு தங்க வட்டம். எல்லாம் நிஜ உலோகப் பூச்சு. வந்த அன்றே முதல் கப்பில் டீயை ஊற்றி, மைக்ரோவேவில் வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

“தங்க வரி கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? நீங்க தலைய ஆட்டுனீகள்ல?” எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“ஆட்டுனேன்மா, இல்லேங்கல. ஆனா டிசைனு மொதலாளியே சொல்லிப் போட்டது. உங்க படம் ஆகாதுன்னு நான் எப்பிடிச் சொல்ல?”

“நான் மிஷின் கோளாறுன்னு சொன்னா என் வேல போயிரும்.”

“நீங்க கப்புன்னு சொன்னா என் வேல போயிரும்.”

இவர் தலையாட்டியதற்கு நான் வீட்டில் உட்கார வேண்டுமாம். அந்த மனுஷனை அந்த வேப்ப மரத்திலேயே கட்டிவைக்கலாம் போல இருந்தது.

உள்ளே போனேன். மொதலாளி மைக்ரோவேவுக்கு முதுகைக் காட்டாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஸ்பார்க் வராதுன்னு சொல்லித்தானம்மா வித்த?”

ஒரு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கேட்டு வாங்கி உள்ளே வைத்தேன். பெட்டி அமைதியாகச் சுற்றியது, மணி அடித்தது, தண்ணீர் ஆவி விட்டது.

“இது நல்லாத்தான் இருக்கு. அப்ப நேத்து ஏன் வெடிச்சது?”

மேனேஜர் இருமினார். பொய் சொன்னாலும் வேலை போகும், உண்மை சொன்னாலும் போகலாம். போவதென்று ஆன பிறகு உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று தோன்றியது.

“மொதலாளி, கோவிச்சுக்கிடக் கூடாது. வெடிச்சது மிஷின் இல்ல, உங்க படம்.”

கிளர்க் ஒருவர் வெளியே இருந்த காலோடு உள்ளே இருந்த காலையும் சேர்த்துக்கொண்டார்.

“என்னது?”

“கப்புல போட்டுருக்கது நெசமான உலோகம். அது உள்ள போனா பொறி வரும். கூடாதுன்னு அன்னைக்கே சொல்லிருந்தேன். இப்பவே காட்டுறேன், கொஞ்ச நேரந்தான். யாரும் ஓடக் கூடாது.”

ஷெட்டு ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிடும்படி ஆள் அனுப்பச் சொன்னேன். இன்னொரு முறை பேச்சியம்மாளை முள்ளில் விழ வைக்க எனக்கு மனசில்லை. பிறகு தண்ணீர் ஊற்றிய கப்பை உள்ளே வைத்துக் கதவை மூடினேன். சுவிட்சைப் போட்ட கையோடு சட்சட்டென்று சத்தம், மீசை ஓரத்தில் நீல வெளிச்சம், அப்புறம் தலைப்பாகையில் ஒரு படார். உடனே நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் மேனேஜரைக் காணோம், கேட்டருகே நின்றிருந்தார்.

மொதலாளி இந்த முறை ஓடவில்லை. எழுந்து வந்து கண்ணாடிக் கதவுக்குள் உற்றுப் பார்த்தார். கப்பில் மீசை கொஞ்சம் கருகியிருந்தது. என் சோலி முடிந்தது என்றே நினைத்தேன்.

“பொறி மீசையிலருந்தா வந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமா மொதலாளி. மீசையிலருந்தும், தலைப்பாகையிலருந்தும்.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டுத் தன் மீசையைத் தடவிக்கொண்டார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“ஏலே, பாத்தியளா! வெறும் படந்தான். படத்துக்கே அம்புட்டு பவரு!”

“ஆமா மொதலாளி!” என்று வாசலில் நின்ற எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கேட்டருகிலிருந்தும் ஒரு “ஆமா மொதலாளி” கேட்டது.

கிஃப்ட்

அந்தச் சந்தோஷத்திலேயே ஆர்டரைச் சொல்லிவிட்டார். இந்தத் தீபாவளிக்கு டீலர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு மைக்ரோவேவ். உள்ளே இலவசமாக ஒரு கப்.

என் வேலை பிழைத்தது. பேசாமல் கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஊர் ஊராக டீலர் வீட்டு அடுப்படியில் அந்த மீசை வெடிக்கும், அத்தனை போனும் எனக்குத்தான் வரும்.

“கப்பு வேண்டாம் மொதலாளி. எல்லார் வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்கும், பயந்துரும்.”

“அப்ப என் படம்?”

கண நேரம் யோசித்தேன். “வெளிய, கதவுல ஒட்டிருவோம். ஸ்டிக்கரு. வெளிய இருந்தா ஒண்ணும் பண்ணாது. சோறு எடுக்கிறப்பல்லாம் உங்க முகத்துலதான் முழிப்பாக.”

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரமே ஸ்டிக்கர் அச்சாகி வந்தது, கதவுக் கண்ணாடி முழுவதையும் மறைக்கும் அளவில். உள்ளே பால் பொங்குவது தெரியவில்லை என்று தீபாவளி முடிந்ததும் டீலர் வீட்டு அம்மாமார் கடைக்குப் போன் போட்டார்கள். வாய் இருக்கிற இடத்தில் மட்டும் கிழித்துக்கொள்ளச் சொன்னேன். மொதலாளி விருந்துக்கு வருகிறார் என்றால் புது ஸ்டிக்கர் கேட்டும் போன் போடுகிறார்கள். அதற்காகவே கடையில் ஒரு கட்டு வைத்திருக்கிறோம்.

மிச்சமான கப்புகளை என்ன செய்வது? தொழிலாளிகளுக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுத்துவிட்டார். ஓடிய அன்று போன அரை நாள் கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. சந்தையில் பேச்சியம்மாளைப் பார்த்தபோது கப்பு என்ன ஆனது என்று விசாரித்தேன்.

“எங்க வீட்டுல கரண்டுப் பொட்டி ஏது, பயமில்லாம வச்சிருக்கேன். கழுவுற தொட்டிப் பக்கம் சோப்புத்தூளு போட்டு வச்சிருக்கேன்த்தா. தேய்க்கத் தேய்க்க மீசை போயிக்கிட்டே இருக்கு,” என்றார். முழங்கால் இன்னும் வலிக்கிறதாம்.

அண்ணாச்சி எனக்கும் ஒரு மைக்ரோவேவ் கொடுத்தார், ஸ்டிக்கரோடு. தினமும் காலையில் அந்த முகத்தைத் திறந்துதான் சாம்பாரைச் சூடு பண்ணுகிறேன். கிழித்துப்போடு என்று மகள் சண்டை போடுகிறாள். இருக்கட்டும், என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த முகம்.

இத்தனையிலும் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், கடைக்கு வரும் புதுப் பெண்களுக்கும் அதையே சொல்கிறேன். கஸ்டமர் ‘ஸ்பார்க் வருமா’ என்று கேட்டால் உடனே வராது என்று சொல்லாதீர்கள், உள்ளே என்ன வைப்பீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சோறு, குழம்பு என்றால் வராது. எவர்சில்வர் தூக்கு என்றால் வரும். மொதலாளி படம் என்றால், பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பவர் யார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, வரும் என்று சத்தமாகவே சொல்லிவிடுங்கள்.