மச்சாளுக்கு முளைத்தது

கடலுக்குப் போன மரியநாயகம் திரும்பி வராத நாளிலிருந்து நெடுந்தீவில் இரண்டு பெண்கள் படுத்த பாயை விட்டு எழும்பவில்லை. ஒருத்தி, இருபத்தெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்திய கிறேசம்மா. மற்றவள், பக்கத்து வளவில் இருந்த அவரின் தங்கை அன்ரனிற்றா. கிறேசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பால் கறக்காமல் மாடுகள் கத்தினாலும் அவளுக்குக் கேட்பதில்லை. அன்ரனிற்றாவோ வள்ளத்தின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள்.

மாதம் ஒருமுறை தீவுக்கு வரும் மனநல டொக்டரிடம் இருவரும் ஒரே நாளில் போனார்கள். இருவருக்கும் ஒரே குளிசையைத்தான் எழுதிக் கொடுத்தார்.

குளிசை தொடங்கி ஒன்றரை மாதமான ஆறாம் கிழமை, கல்வேலிக்கு அப்பால் அன்ரனிற்றா யாருடனோ பேசிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கிறேசம்மாவைச் சுட்டது. கூடப்பிறந்தவளுக்குத் துக்கம் இவ்வளவுதானா என்று மனதுக்குள் ஏசினாள். அடுத்த கிழமை அன்ரனிற்றா கலியாணவீடு ஒன்றுக்குச் சேலை எடுக்க வள்ளமேறி யாழ்ப்பாணம் போனாள் என்று கேள்விப்பட்டபோது, கிறேசம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது மரியநாயகத்துக்காக அழுத அழுகை அல்ல.

ஒரே குளிசையில் மச்சாள் அன்ரனிற்றாவுக்கு மட்டும் எப்படிச் சுகம் வந்தது என்று அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நேராகவே கேட்டாள். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நெடுநாள் துயரத்தில் மூளையின் ஒரு சின்னப் பகுதி சோர்ந்துபோகிறது. வளர்ந்த பிறகும் அங்கே புதிய நரம்புக் கலங்கள் முளைக்கலாம், குளிசை வேலைசெய்யக் கிழமைகள் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எலிகளில் அதைக் கண்டிருக்கிறார்கள். மனிதர்களில் எவ்வளவு என்று இன்னும் தர்க்கம் நடக்கிறது.

“அப்ப மச்சாளுக்கு முளைச்சது எனக்கேன் முளைக்கேல்லை?”

“உங்கடை தலைக்குள்ளை பாத்து எண்ண ஆராலும் ஏலாது அம்மா. குளிசையை ஒழுங்காப் போட்டனீங்களோ?”

கிறேசம்மா நிலத்தைப் பார்த்தாள். “பன்ரண்டு நாள் போட்டனான். சுகம் வந்தா அவரை மறந்துபோவன் எண்டு பயந்து விட்டிட்டன்.”

மறக்கமாட்டீர்கள் என்றார் டொக்டர். குளிசையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார், பின்னேரங்களில் நடக்கவும் சொன்னார். அன்ரனிற்றா துறைமுகப் பக்கம் நடப்பாள் என்பதால் கிறேசம்மா மற்றப் பக்கம் நடந்தாள். இரண்டு மாதத்தில் சோற்றின் ருசி தெரிந்தது. மாடுகளிடம் போனாள்.

அந்த நேரத்தில்தான் அன்ரனிற்றா, தனக்குச் சுகமென்று குளிசையைத் தானாகவே நிற்பாட்டி, திரும்பவும் படுக்கையில் விழுந்தாள். செய்தி கேட்ட கிறேசம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோசம். பிறகு வந்த வெட்கத்தில் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. கஞ்சி காய்ச்சிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனாள்.

அன்ரனிற்றா சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். “மச்சாள், உங்கடை முகம் தெளிஞ்சிட்டுது. பாக்க எனக்கு எரியுது,” என்றாள்.

“எனக்கும் அப்பிடித்தான் எரிஞ்சது,” என்றாள் கிறேசம்மா. தான் அழுத நாள், மாற்றி நடந்த பாதை, இன்றைக்கு வந்த சந்தோசம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அன்ரனிற்றா சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். பிறகு எழுந்து கஞ்சியை வாங்கினாள்.

இந்த முறை அவளுக்குச் சுகம் வர இன்னும் கனநாள் எடுத்தது. அத்தனை நாளும் காலையில் அவள் குளிசை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கிறேசம்மா மாடுகளை அவிழ்க்கப் போனாள்.